கபடிப் போட்டிக்கு ஊர் வசூல் குறைவது ஏன்?

மேலூர்ப் பக்கத்தில் நீங்கள் நடத்தும் பொங்கல் கபடிப் போட்டிக்கு, பரிசுத் தொகையை உயர்த்திய பிறகும் ஊர் வசூல் குறைந்தது ஏன் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். காரணம், ஆட்டத்தின் மீதான ஆர்வக் குறைவு அன்று. அது தங்கள் போட்டி என்ற எண்ணம் ஊராரிடம் தளர்ந்திருப்பதே.

அந்தத் தளர்ச்சிக்குப் பரிசுத் தொகையே காரணமாக இருக்கலாம். தொகை பெரிதானால் தேர்ந்த வெளியூர் அணிகள் வரும். உள்ளூர்ப் பையன்கள் முதல் சுற்றிலேயே வெளியேறுவார்கள், அவர்களுடைய வீட்டாரும் உடனே எழுந்து போய்விடுவார்கள். போதாக்குறைக்கு, அணிகளின் வசதிக்காக ஆண்டுதோறும் தேதியை மாற்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜல்லிக்கட்டு அப்படியில்லை. பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்ற ஜல்லிக்கட்டு வரிசை ஊரறிந்தது என்பதால், வெளியூரில் வேலை பார்ப்பவர் விடுப்பையும், வீட்டார் விருந்தையும், கடைக்காரர் சரக்கையும் முன்கூட்டியே திட்டமிட முடிகிறது. ஜல்லிக்கட்டுக்கு 2014-இல் வந்த தடையை எதிர்த்து 2017 ஜனவரியில் அலங்காநல்லூர் மக்கள் போராடியதும் அந்த நாளோடும் விழாவோடும் ஊருக்கு உள்ள பிணைப்பினால்தான் என்பது என் கருத்து.

சரிபார்க்க, கடந்த சில ஆண்டுகளின் வசூல் நோட்டை எடுத்து, வீடுகள் தந்த சிறு தொகைகளையும் புரவலர்கள் தந்த பெருந்தொகைகளையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். சிறு தொகை தந்த வீடுகளின் எண்ணிக்கை சரிந்திருந்தால் நான் சொன்னதே காரணம். போட்டித் தேதியை நிலையாக வைத்து, உள்ளூர்த் தெருக்களுக்கெனத் தனிச் சுற்று ஒன்றை நடத்துங்கள்.

ஆனால் ஒரு குறிப்பிட்ட தெரு மட்டும் மொத்தமாக விலகியிருந்தால், அது பெரும்பாலும் மரியாதை பற்றிய மனத்தாங்கலாக இருக்கும். தேதியை நிலையாக வைப்பது அதைத் தீர்க்காது; ஊர்க் கூட்டத்தில் பேசித்தான் தீர்க்க வேண்டும்.