பிட்ஸ்பர்க் வந்த தம்பிக்கு: ஸ்டீலர்ஸ் ஏன் கவிழ்வதில்லை

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். பிட்ஸ்பர்க் வந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை பிடிபட்டுவிட்டது, வீடும் அமைந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் எல்லாரும் ஸ்டீலர்ஸ் (இந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணி) பற்றிப் பேசும்போது மட்டும் காபிக் கோப்பையோடு ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது. ஒருவர் "நம்ம டீம் எந்த வருஷமும் மோசமா ஆடினதே இல்ல" என்கிறார். அடுத்தவர் "நம்ம டீம் இனிமே ஜெயிக்கவே போறதில்ல" என்கிறார். ரெண்டும் எப்படி உண்மையாகும்? இதையெல்லாம் கற்றுக்கொண்டே ஆக வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில்: வேண்டாம். ஒரு மேட்ச்கூடப் பார்க்காமல் இருபது வருடமாக இங்கே சந்தோஷமாக இருக்கும் நம் ஆட்கள் நிறைய பேர் உண்டு. முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது. நானும் அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச வருடம் ஆயிற்று.

நான் வந்து இறங்கியது 2008 ஆகஸ்டில். விமான நிலையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆளுயரச் சிலைகள் இருந்தன, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்று ஜார்ஜ் வாஷிங்டன், சரி. மற்றது ஓடிக்கொண்டே குனிந்து, கணுக்கால் உயரத்தில் ஒரு பந்தை அள்ளும் இளைஞர். அவர் யாரோ பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அது ஃப்ராங்கோ ஹாரிஸ். 1972 டிசம்பர் 23-ஆம் தேதி, ஆட்டம் முடிய 22 நொடி இருக்கும்போது, தோற்றாகிவிட்டது என்று எல்லாரும் எழுந்த வேளையில், எங்கோ பட்டுத் தெறித்த பந்தை அள்ளிக்கொண்டு எல்லைக் கோடு வரை ஓடி டச்டவுன் போட்டவர். அவர் ஆடிய ஸ்டீலர்ஸ் டீம் 1933-ல் தொடங்கியது. அதுவரை ஒரு பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று) வெற்றிகூடக் கண்டதில்லை. அதாவது கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஊரே தலையில் அடித்துக்கொள்ளும் டீமாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் குளிர்காலத்தில் நான் செய்த கூத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜனவரியில் ஒரு நாள் கதவைத் தட்டி, மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டைக் கொடுத்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார். குளிருக்கு ஏதோ உபகாரம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அந்தத் துண்டால் கார்க் கண்ணாடியில் இருந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நடுவீதியில் நின்று பார்த்தார் பாருங்கள் ஒரு பார்வை! கோயில் பரிவட்டத்தால் சைக்கிளைத் துடைத்தவனை நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி. அதற்குப் பெயர் டெரிபிள் டவல். மைரன் கோப் என்ற வானொலி வர்ணனையாளர் 1975-ல் கிளப்பிவிட்ட யோசனை. மைதானத்தில் ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் எல்லாரும் தலைக்கு மேலே சுழற்றுவார்கள். அதன் உரிமையை அவர் 1996-ல் தன் மகன் இருந்த அலெகெனி வேலி ஸ்கூலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கும் இடம் அது. நீங்கள் ஒரு துண்டு வாங்கினால் பணம் அங்கேதான் போகிறது. யாராவது கொடுத்தால் சுவரில் மாட்டுங்கள், காரைத் துடைக்காதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என்.எஃப்.எல். என்ற இந்த அமெரிக்கக் கால்பந்து லீக்கில் யாரும் தொடர்ந்து ஜெயிக்கக் கூடாது என்றே விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். தேசிய டிவி ஒப்பந்தப் பணம் 32 அணிக்கும் சமமாகப் பிரிகிறது. நியூயார்க் அணிக்கும், விஸ்கான்சினில் இருக்கும் சின்ன ஊரான கிரீன் பே அணிக்கும் ஒரே தொகை. வீரர்களின் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2025-க்கு அது 27 கோடியே 92 லட்சம் டாலராக இருந்தது. முதலாளி எத்தனை கோடிக்கு அதிபதியாக இருந்தாலும் வரம்பைத் தாண்டி ஆள் பிடிக்க முடியாது. அப்புறம் டிராஃப்ட். கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை ஏழு சுற்றில் அணிகள் தேர்ந்தெடுக்கும். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வாங்கிய அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. ஐ.பி.எல். ஏலம் பார்த்த உங்களுக்கு உச்சவரம்பு புரியும். தோற்றவனுக்கு முதல் மரியாதை என்பதுதான் புதிது.

ஆகப் பணமும் சமம், ஆளும் சமம். பிறகு எப்படிச் சில அணிகள் மேலேயே இருக்கின்றன? பலரும் நல்ல குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) என்பார்கள். அது பாதி உண்மை. என் பார்வையில், சமமாகப் பிரிக்க முடியாதவை இரண்டு: முதலாளியின் பொறுமை, ஆள் பார்க்கும் கண். ஸ்டீலர்ஸிடம் இரண்டும் இருந்தன.

பொறுமையைப் பாருங்கள். ரூனி குடும்பம்தான் தொடக்கம் முதல் முதலாளி. தாத்தா, மகன், இப்போது பேரன். 1969-ல் சக் நோல் என்ற பயிற்சியாளரைக் கொண்டுவந்தார்கள். முதல் ஆட்டம் வெற்றி. அடுத்த பதின்மூன்றும் தோல்வி. அதற்கடுத்த இரண்டு வருடமும் தோல்விகளே அதிகம். வேறு ஊராக இருந்தால் மூட்டையைக் கட்டு என்றிருப்பார்கள். இங்கே விட்டுவைத்தார்கள். அவர் 1974 சீசனில் தொடங்கி ஆறு வருடத்தில் நான்கு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, 1991 வரை இருந்தார். அடுத்தவர் பில் கவர், 1992 முதல் 2006 வரை. நடுவில் 1998 தொடங்கி மூன்று வருடம் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. அவரையும் துரத்தவில்லை. 2005 சீசனில் கோப்பை வந்தது. 2007-ல் மைக் டாம்லின் வந்தார், அப்போது அவருக்கு வயது 34. 2025 சீசன் முடியும் வரை அவர்தான் இருந்தார். 1969 முதல் 2025 சீசன் வரை மூன்றே மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள்.

கண் என்று சொன்னேன். அதற்கு பில் நன் கதையைச் சொல்ல வேண்டும். ஆபீஸில் இளசுகளுக்கு இது தெரியாது, நீங்கள் சொன்னால் உங்களை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்ப்பார்கள். நன், பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவர் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தியாளர். தெற்கு மாநிலங்களில் இருந்த கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டங்களை வருடக்கணக்கில் போய்ப் பார்த்து எழுதியவர். பெரிய அணிகளின் ஆட்கள் அந்தக் கல்லூரிகளைச் சீந்தாத காலம். பிட்ஸ்பர்க் அணியும் அவர் சொல்லும் ஆட்களை எடுத்ததில்லை. அவருக்கு அதில் வருத்தம். ரூனியின் மகன் டேன் அவரைக் கூப்பிட்டு, குறை சொல்வதை விட்டு எங்களோடு வந்து ஆள் பாருங்கள் என்று வேலைக்கு வைத்துக்கொண்டார்.

1974-ல் நடந்ததாக இங்கே சொல்லும் கதை இது. அலபாமா ஏ அண்டு எம் கல்லூரியில் ஜான் ஸ்டால்வொர்த் என்று ஒரு பையன். பல அணிகளின் ஆட்களும் போய் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மழை பெய்து தரை ஈரம், நேரம் மோசமாக வந்தது. எல்லாரும் கிளம்பினார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லி ஊரிலேயே தங்கினார். மறுநாள் காய்ந்த தரையில் தனியாக ஓடவிட்டார். நேரம் அருமை. அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. நான்காவது சுற்றில், யாரும் போட்டிக்கு வராமல், ஸ்டால்வொர்த் பிட்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். அந்த ஒரே வருட டிராஃப்டில் எடுத்தவர்களில் நான்கு பேர் பின்னால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் இடம்) போனார்கள். நன் அவர்களுக்கும் அதே மரியாதை 2021-ல், அவர் காலமான பிறகு, கிடைத்தது.

இந்தக் கண் ஒரு ஆளோடு போகவில்லை என்பதுதான் முக்கியம். 2000 முதல் 2022 வரை ஆள் தேர்வுப் பொறுப்பில் கெவின் கோல்பர்ட் ஒருவரே. அவருக்குப் பின் வந்த ஓமர் கான் 2001-லிருந்தே உள்ளே வேலை பார்த்தவர் (அவருடைய அப்பா இந்தியர், ஆபீஸில் இதையும் எடுத்துவிடலாம்). பயிற்சியாளர் மாறினால் ஆட்ட முறை மாறும். ஆட்ட முறை மாறினால் போன வருடம் எடுத்த ஆள் இந்த வருடம் பொருந்த மாட்டான். மாறாமல் இருந்தால், என்ன மாதிரி ஆள் வேண்டும் என்று தேடுகிறவனுக்குத் தெளிவாகத் தெரியும். ஜேம்ஸ் ஹாரிசன் என்பவரை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. ஸ்டீலர்ஸே அவரைச் சேர்ப்பதும் நீக்குவதுமாக இருந்தது. 2008-ல் அவர்தான் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர். எதிர்வீட்டுப் பெரியவர் துண்டு விஷயத்தை மன்னித்து, 2009 பிப்ரவரி 1 அன்று சூப்பர் பவுல் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார். பாதி ஆட்டம் முடியும் கடைசி நொடியில் ஹாரிசன் பந்தைப் பறித்துக்கொண்டு நூறு கெஜம் ஓடி எல்லைக்குள் விழுந்தபோது, அந்த மனிதர் கத்தவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் அன்றைக்கு ஏதோ புரிந்தது.

நேர் எதிரான உதாரணம் வேண்டுமென்றால் காரில் இரண்டு மணி நேரம் போங்கள், க்ளீவ்லாண்ட் வரும். அங்கே பிரவுன்ஸ் அணி. 1999-ல் மறுபடி தொடங்கியதிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட குவாட்டர்பேக்குகளை இறக்கிப் பார்த்துவிட்டார்கள். பயிற்சியாளரை ஒரே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பியதும் உண்டு. 2017-ல் பதினாறு ஆட்டம், பதினாறும் தோல்வி. தோற்பவனுக்கு முதல் வாய்ப்பு என்றேன் இல்லையா, 2017, 2018 இரண்டு வருடமும் முதல் வாய்ப்பு அவர்களுக்குத்தான் கிடைத்தது. முதல் வாய்ப்பு கிடைத்தும், 2018-ல் எடுத்த குவாட்டர்பேக் பையனை நிதானமாக வளர்க்க ஆள் இல்லை.

சரி, அப்படியென்றால் உங்கள் ஆபீஸில் இன்னொருவர் ஏன் புலம்புகிறார்? அவர் சொல்வதும் நியாயம்தான். டாம்லின் 2007 முதல் 2025 வரை பத்தொன்பது சீசனில் ஒன்றைக்கூட வெற்றியைவிடத் தோல்வி அதிகம் என்று முடிக்கவில்லை. இது சாதாரணமில்லை. 2019-ல் குவாட்டர்பேக் ராத்லிஸ்பெர்கர் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கை போய் உட்கார்ந்துவிட்டார். வேறு அணியாக இருந்தால் இந்த வருடம் போகட்டும், தோற்று முதல் வாய்ப்பை வாங்குவோம் என்று கணக்குப் போட்டிருக்கும். இவர்கள் அடுத்த வருட முதல் சுற்று வாய்ப்பையே கொடுத்து ஒரு நல்ல தடுப்பு வீரரை வாங்கி, எட்டு வெற்றி எட்டு தோல்வி என்று முடித்தார்கள். வீம்பு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அந்த வீம்பு பிடிக்கும்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. மோசமாகத் தோற்காதவனுக்கு டிராஃப்டில் நல்ல இடம் கிடைக்காது. வருடா வருடம் இருபதாவது இடத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். நல்ல குவாட்டர்பேக்குகள் பெரும்பாலும் அதற்கு முன்பே போய்விடுவார்கள். ராத்லிஸ்பெர்கரை 2004-ல் பதினோராவதாக எடுத்தார்களே, அது 2003-ல் மோசமாக ஆடியதன் பலன். புதுப் பையன்களுக்குச் சம்பளம் குறைவு என்பதால் மிச்சப் பணத்தில் வலுவான அணி கட்ட முடிந்தது, இரண்டே வருடத்தில் கோப்பை வந்தது. 2021 சீசனோடு அவர் ஓய்வு பெற்ற பிறகு 2025 வரை சரியான ஆள் அமையவில்லை. 2022-ல் இருபதாவது இடத்தில் எடுத்த பையனை இரண்டு வருடத்தில் அனுப்பிவிட்டார்கள். 2025-ல் ஆடிய ஆரன் ராட்ஜர்ஸுக்கு சீசன் தொடங்கும்போதே வயது 41. பிளேஆஃபில் கடைசியாக ஜெயித்தது 2017 ஜனவரியில். அதன் பிறகு 2026 ஜனவரி வரை ஏழு பிளேஆஃப் ஆட்டம், ஏழும் தோல்வி. அதில் ஒன்று, 2021 ஜனவரியில், அந்த க்ளீவ்லாண்டிடமே! அன்று எங்கள் தெருவே துக்க வீடு மாதிரி இருந்தது.

எனவே தம்பி, கவிழாமல் இருப்பதும் கோப்பை வாங்குவதும் ஒன்றில்லை. முதலாவதற்குப் பொறுமை போதும். இரண்டாவதற்கு அதோடு சரியான நேரத்தில் சரியான குவாட்டர்பேக் அகப்பட வேண்டும். அது கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான். 1970-ல், அந்த நான்கு கோப்பை காலத்துக் குவாட்டர்பேக் பிராட்ஷாவை முதல் ஆளாக எடுக்கும் வாய்ப்பு பிட்ஸ்பர்க்குக்கா சிகாகோவுக்கா என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். பொறுமை பற்றி நான் இவ்வளவு பேசினாலும், அந்த நாணயம் புரண்டு விழுந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ.

இன்னொன்று. நீங்கள் டெக்சாஸுக்கோ ஃபுளோரிடாவுக்கோ போனாலும் மஞ்சள் துண்டோடு ஆட்களைப் பார்ப்பீர்கள். 1980களில் எஃகு ஆலைகள் மூடியபோது லட்சக்கணக்கில் ஜனங்கள் இந்தப் பகுதியை விட்டு வேலை தேடிப் போனார்கள். ஊர் போய்விட்டது, டீம் மட்டும் கையில் இருந்தது. எதிர்வீட்டுப் பெரியவரின் இரண்டு தம்பிகளும் அப்படிப் போனவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மூவரும் போனில் பேசுவார்கள். நான் அம்மாவோடு பேசும் நேரமும் அதுவாகத்தான் இருந்தது.

நடைமுறைக்கு ரெண்டு விஷயம். குழந்தை பிறந்தநாள், புதுமனை புகுவிழா எதையும் இலையுதிர் காலத்து ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வைக்காதீர்கள். நான் வைத்து, வாங்கிய பீட்சாவில் பாதியை ஒரு வாரம் தின்றோம். ஆட்டம் பார்க்கவில்லை என்றால் அந்த மூன்று மணி நேரம் உங்களுக்குப் பொற்காலம். கடையில் கூட்டம் இருக்காது, சாலை காலியாக இருக்கும். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலில்கூடக் கார் நிறுத்த இடம் சுலபமாகக் கிடைக்கும், புளியோதரையும் சூடாக இருக்கும். இந்த ஞாயிறு போய்வாருங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம், மேட்ச் இருக்கிறது.