மெழுகு உறையும் மாத்திரையும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காசநோய்க் கிருமி தன் கொழுப்பு உறையைக் கட்டவிடாமல் ஐசோநியாசிட் என்ற காசநோய் மாத்திரை தடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கொழுப்பு அமிலத்தை நம் உடலும்தானே தயாரிக்கிறது? மருந்து நம்மை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது?

க.

அன்புள்ள க.,

நம் செல்களில் கொழுப்பு அமிலத்தைப் பெரும்பாலும் ஒரே பெரிய புரதம் கட்டுகிறது. இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்து 16 ஆனதும் சங்கிலியை விட்டுவிடும். காசநோய்க் கிருமியிடமும் இதே மாதிரி ஒரு பெரும்புரதம் உண்டு. அது 26 கார்பன் வரை போகும். அதோடு, ஈகோலை போன்ற பாக்டீரியாக்களிடம் இருப்பதுபோலத் தனித்தனி நொதிகளாலான இரண்டாவது ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் காசநோய்க் கிருமியின் இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்கு முதலிலிருந்து தொடங்கத் தெரியாது. பெரும்புரதம் தந்த சங்கிலியை வாங்கி, 50 கார்பனுக்கும் மேலாக இழுத்துக்கொண்டே போகும்! அதோடு ஒரு 26 கார்பன் சங்கிலியை இன்னொரு நொதி ஒட்டினால் மைக்கோலிக் அமிலம் தயார். மொத்தம் 60 முதல் 90 கார்பன். டிரெஹலோஸ் என்ற சர்க்கரையில் ஏற்றி வெளியே அனுப்பப்பட்டு, செல்சுவரில் மெழுகாகப் பதிகிறது.

இந்த இரண்டாவது ஏற்பாட்டில், நீட்டும் ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் இரட்டைப் பிணைப்பை நீக்குவது இன்ஹா என்ற நொதி. ஐசோநியாசிட் அடைப்பது இதைத்தான். இந்த நொதி நம்மிடம் இல்லை. அதற்காக மருந்து நம்மைத் தொடுவதே இல்லை என்று நினைக்காதீர்கள். கல்லீரலும் நரம்பும் பாதிக்கப்படலாம். ஆனால் அவை வேறு வழியில் நேர்பவை.

நீங்கள் கவனிக்காத பிழை ஒன்றையும் திருத்திவிடுகிறேன். மாத்திரை நேராகப் போய் நொதியை அடைப்பதுபோல எழுதியிருந்தேன். தவறு. ஐசோநியாசிட் தனியே செயலற்றது. கிருமியின் சொந்த நொதியான கேட்-ஜிதான் அதை முடுக்கிவிடுகிறது. பிறகு மருந்து, செல்லில் நொதிகளுக்குத் துணைபுரியும் என்ஏடி என்ற மூலக்கூறோடு இணைந்து இன்ஹாவில் போய் உட்காருகிறது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது போல! ஆகவே கேட்-ஜி பழுதானால் கிருமி தப்பிவிடும். ஐசோநியாசிட்டுக்கு மசியாத கிருமிகளில் பெரும்பாலானவை இந்த வழியைத்தான் பிடித்திருக்கின்றன.

மருந்தின் காசநோய் எதிர்ப்பு ஆற்றல் தெரியவந்தது 1952இல். இன்ஹா மரபணு அடையாளம் காணப்பட்டது 1994இல். அந்த 42 ஆண்டுகளும் மாத்திரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கேட்-ஜியின் தயவே இல்லாமல் இன்ஹாவை அடைக்கும் சேர்மங்களைத் தேடுகிறார்கள். ஒருகாலத்தில் சில பற்பசைகளில் சேர்த்த டிரைக்ளோசான் அப்படி நேராகவே ஒட்டுகிறது. மருந்தாகும் அளவுக்கு வலு மட்டும் அதற்கு இல்லை.