முதலாமாண்டு மாணவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: பள்ளியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்துகொண்டிருந்தேன். கல்லூரியின் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. எனக்குத் திறமை இல்லையா?

பதில்: ஒரு தேர்வை வைத்துத் திறமையை அளக்க முடியாது, படிக்கும் முறை மாறாததே பெரும்பாலும் காரணம். பள்ளியில் ஆசிரியரே பாடங்களைத் திருப்பிப் பார்க்க வைப்பார், அடிக்கடி தேர்வும் வைப்பார். கல்லூரியில் அந்த வேலை மாணவரின் தலையில் விழுகிறது, ஆனால் அதை யாரும் அறிவிப்பதில்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். வண்ண வண்ணமாக அடிக்கோடிடுவது படிப்பு ஆகாது.

கேள்வி: வகுப்பில் எல்லோரும் என்னைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் இந்தத் தடுமாற்றமா?

பதில்: இல்லை. வால்டன், கோஹன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கக் காலத் தயக்கம் பலருக்கும் உண்டு, அது நாளடைவில் தணியும் என்பதை மூத்த மாணவர்களின் அனுபவங்கள் வழியாக முதலாமாண்டினருக்கு உணர்த்தினார்கள். ஒரு மணி நேரமே எடுத்த அந்தப் பயிற்சிக்குப் பின், அதில் பங்கேற்ற கருப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன.

கேள்வி: எனக்கு மட்டும்தான் இன்னும் நண்பர்கள் அமையவில்லையா?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: குறிப்புகளைக் கையால் எழுதுவதா, மடிக்கணினியில் தட்டச்சு செய்வதா?

பதில்: கையால். தட்டச்சு செய்பவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்துவிடுகிறார்கள் என்றும், கருத்தைச் சோதிக்கும் வினாக்களில் பின்தங்குகிறார்கள் என்றும் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற உளவியலாளர்கள் 2014இல் காட்டினார்கள்.

மறுப்பு: 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வேறுபாடு உறுதிப்படவில்லையே, ஐயா?

பதில்: உண்மைதான், ஆனாலும் என் பரிந்துரை மாறாது. மடிக்கணினியைத் திறந்தால் குறிப்போடு வேறு பத்து சன்னல்களும் திறக்கின்றன, பக்கத்தில் இருப்பவரின் கவனமும் போகிறது.

மறுப்பு: அது கவனச் சிதறல் பற்றிய வாதம், கையெழுத்தைப் பற்றியது அல்ல. இணையத்தைத் துண்டித்துவிட்டுத் தட்டச்சு செய்தால்?

பதில்: அப்படிச் செய்பவருக்கு என் ஆட்சேபம் இல்லை. எதில் எழுதினாலும், அன்றிரவே அதைப் பார்க்காமல் சொல்லிப் பார்க்காவிட்டால் பயன் குறைவு.

கேள்வி: துறை மாறலாமா?

பதில்: விதிகளையும் கடைசி நாளையும் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அந்தக் கெடு இடம் கொடுத்தால், முதல் பருவம் முடியுமுன் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: பல வாரங்களாகத் தூக்கமில்லை, சாப்பிடவும் பிடிக்கவில்லை. இதுவும் நாளடைவில் சரியாகிவிடுமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, கல்லூரி உளநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். முன்னர் நான் சொன்ன தயக்கம் வேறு, இது வேறு.

கேள்வி: எந்த மடிக்கணினி வாங்கலாம்?

பதில்: அது என் துறை அல்ல.