ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இயற்கணிதத்தில் வரும் ‘எக்ஸ்’ (x) எதற்கு என்று அன்றாடப் பொருள்களை வைத்துப் புரியவைப்பது எப்படி?

தீக்குச்சியில் தொடங்குங்கள். நான்கு குச்சியில் ஒரு சதுரம். அதை ஒட்டி இன்னொன்று வைக்க மூன்றே போதும், ஒரு பக்கம் ஏற்கெனவே இருக்கிறதே. 4, 7, 10 என்று வளரும். பிள்ளையே அடுக்கட்டும். அப்புறம், “நூறு சதுரத்துக்கு எத்தனை குச்சி?” என்று கேளுங்கள். அத்தனையும் அடுக்க முடியாது, யோசித்தே ஆகவேண்டும். இங்கே அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். “முதலில் ஒரு குச்சி, பிறகு சதுரத்துக்கு மூன்று மூன்றாக” என்று அவர்கள் வாயாலேயே வரட்டும். 301 கிடைத்துவிடும்.

சரி, எத்தனை சதுரம் என்றே தெரியாவிட்டால்? அதற்குத்தான் எக்ஸ்: 3 × எக்ஸ் + 1. இன்னொரு பிள்ளை 4 + 3 × (எக்ஸ் − 1) என்று எழுதலாம். அதுவும் சரிதான். இரண்டும் ஏன் ஒன்று என்று அவர்களையே வாதாட விடுங்கள். சுருக்குவது என்றால் என்னவென்று அப்போது நன்றாகப் பதியும்.

எக்ஸ் என்பது சதுரம் அல்ல, சதுரங்களின் எண்ணிக்கை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சமன்பாட்டுக்கும் இதே குச்சிகள் போதும். கையில் 64 இருக்கிறது, எத்தனை சதுரம்? ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மீதியை மும்மூன்றாகப் பிரித்தால் 21.