பைக்காரா கரையில் மணி எத்தனை?

அன்புள்ள ஐயா,

பைக்காரா ஆற்றங்கரையில் உட்கார்ந்து நான் வரைந்த நீர்வண்ணப் படத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். காலை 7 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடித்தேன். மரம், பாறை, தண்ணீர் எல்லாம் சரியாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் அங்கே இருந்தபோது மனதுக்குள் இருந்த அமைதி படத்தில் இல்லை. அதை எப்படிக் கொண்டுவருவது?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். பாறைகள் அருமை, கை நன்றாகப் பழகியிருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். எதிர்க்கரையில் மூட்டம் படர்ந்து, வானம் வெள்ளையாக இருக்கிறது. கீழே தண்ணீரிலோ நீல வானம் தெரிகிறது. இந்தக் கரையில் ரோடோடெண்ட்ரான் மரத்தின் நிழல் வெட்டி வைத்ததுபோல் புல்லில் கிடக்கிறது. மூட்டம் 7 மணியுடையது, நிழல் 11 மணியுடையது. நான்கு மணி நேரத்தை ஒரே தாளில் வைத்துவிட்டீர்கள். நீங்கள் தேடும் அமைதி அதில் ஏதோ ஒரு கால்மணி நேரத்தில் இருந்தது.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1896, 1897 ஆண்டுகளில் தம் நாட்டின் சேன் நதியின் விடியலை வரைந்தார். இருட்டிலேயே படகேறிவிடுவார். கூடவே பத்துக்கும் மேற்பட்ட கித்தான்கள் இருக்கும். வெளிச்சம் மாறியதும் கையிலிருப்பதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அந்தப் படங்களில் மரம் எங்கே முடிகிறது, அதன் பிம்பம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே கடினம். ஆனாலும் பார்த்தவுடன் விடிகாலைக் குளிர் நம்மைத் தொடுகிறது.

உங்களுக்கு அத்தனை தாள் வேண்டாம், இரண்டு போதும்.

அப்புறம், நம் மலையில் மூட்டத்தின்போது தாள் லேசில் காயாது. அவலாஞ்சியில் ஒருமுறை முதல் பூச்சு காயட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தேன். பொறுமை போய், ஈரத்தின் மேலேயே சோலையின் கரும்பச்சையை வைத்தேன். நிறம் ஓரங்களில் கசிந்து பரவ, மரங்கள் தாமாகவே மூட்டத்துக்குள் போய்விட்டன. ஒரு மணி நேரம் முயன்றாலும் என் தூரிகைக்கு அது வந்திருக்காது. அன்றிலிருந்து தூரத்து மரங்களை ஈரத்தில்தான் வைக்கிறேன்.

எதிர்க்கரைப் பூக்களின் சிவப்பையும் கொஞ்சம் மங்கவிடுங்கள். அந்தச் சிவப்புதான் அக்கரையை இழுத்து நம் மூக்கின் முன்னால் நிறுத்துகிறது.

மறுபடி பைக்காராவுக்குப் போங்கள். மூட்டம் விலகத் தொடங்கியதும் தூரிகையைக் கழுவி வைத்துவிடுங்கள், படம் பாதியில் நின்றாலும் சரி. அந்தப் பாதிப் படத்தை எனக்கு அனுப்புங்கள்.