நாலு கமரா, ஒரு சிம் ரவுட்டர்: பதிவை எங்கே வைப்பது?

மாங்குளத்தில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும். வளவுக்குள் இருந்த தண்ணீர் மோட்டர் களவு போன பிறகு நாலு கமரா பூட்ட முடிவெடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கமராவுக்குள்ளும் மெமரி காட் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். "கிளவுட் எடு, காசு நான் கட்டுறன்" என்கிறார் கனடாவில் இருக்கும் அண்ணா. வயர் வேலை செய்யும் மச்சானோ ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டிதான் வேண்டும் என்று நிற்கிறார். வீட்டில் இருப்பது சிம் போட்ட 4ஜி ரவுட்டர். யார் சொல்வதைக் கேட்பது?

மச்சான் சொல்வதைக் கேளுங்கள். அண்ணா தரும் காசில், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் பட்டரிப் பெட்டியான யூ.பி.எஸ் ஒன்று வாங்குங்கள்.

கிளவுட், அதாவது இன்டர்நெட் வழியாகக் கம்பனியின் கம்பியூட்டரில் பதிவை வைப்பது, கெட்டது என்று சொல்லவரவில்லை. கள்ளன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனாலும் படம் மிஞ்சுவது அதில்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் இடைவிடாமல் அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி. நாலு கமராவுக்கு 86 ஜிபிக்கு மேல். மாதம் முடிய 2,600 ஜிபி அளவில் வந்து நிற்கும். எந்த சிம் பக்கேஜ் அதைத் தாங்கும்? போதாததற்கு, கரண்ட் நீண்ட நேரம் போனால் டவரில் உள்ள பட்டரியும் இறங்கிவிடும். அந்த நேரம் மேலே ஒன்றுமே போகாது. ஆகவே முழுப் பதிவு வீட்டில் இருக்கட்டும். ஆள் நடமாட்டம் தெரியும்போது எடுக்கும் சில விநாடித் துண்டுகள் மட்டும் கிளவுட்டுக்கோ அண்ணாவின் போனுக்கோ போகட்டும். அதுவும் படலையைப் பார்க்கும் ஒரு கமராவில் இருந்து போனால் போதும்.

மெமரி காட்டுக்கு வருவோம். 128 ஜிபி காட்டில் அதே 2 மெகாபிட் வேகத்தில் ஐந்தாறு நாள் பதிவு நிற்கும். பிறகு பழையதை அழித்து அதன்மேல் எழுதும். வருடத்துக்கு அறுபது தடவை அளவில் முழுக் காட்டையும் அழித்து எழுதுவது சாதாரணக் காட்டுக்குப் பெரிய பாரம். வன்னி வெயிலில் சுவரில் காயும் கமராவுக்குள் அது இன்னும் கெதியாகச் சாகும். கமராவைப் பிடுங்கினால் சாட்சியும் சேர்ந்தே போகும். காட்டை ஒரு காப்புக்காக மட்டும் போடுங்கள். போடுவதென்றால் 'ஹை என்டியூரன்ஸ்' என்று எழுதிய காட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

புதிதாக வயர் இழுப்பதால் நெட்வேர்க் வயரில் ஓடும் ஐ.பி. கமராவும், அதன் படத்தை டிஸ்க்கில் பதியும் என்.வி.ஆர். பெட்டியும் எடுங்கள். கரண்டும் படமும் ஒரே நெட்வேர்க் வயரில் போகும். அந்த வயர் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. மாட்டுக்கொட்டில் அதைவிடத் தூரமென்றால் மச்சானிடம் வேறு வழி கேளுங்கள். டிஸ்க் 2 டெராபைட் போதும், மூன்று வாரத்துக்கு மேல் பிடிக்கும். கம்பியூட்டரில் இருந்து கழற்றிய பழைய டிஸ்க்கை போடவேண்டாம். இரவு பகலாக எழுதுவதற்கென்றே டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் போன்றவை இருக்கின்றன. செட்டிங்கில், படத்தைச் சுருக்கிப் பதியும் முறையான எச்.265 தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். பழைய எச்.264-உடன் பார்க்கையில் கிட்டத்தட்டப் பாதி இடம் மிஞ்சும்.

"ஆள் அசைந்தால் மட்டும் பதி" என்ற முறையில் விட்டால் இடம் இன்னும் மிஞ்சுமே என்று கேட்பீர்கள். மழை தொடங்கிய முதல் இரவில் ஈசல் கிளம்பும். கமராவுக்கு முன்னால் அவை வந்து மொய்க்க, விடியும்வரை எச்சரிக்கை அடித்துக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்கு முன்னால் சிலந்தி ஒரு வலை கட்டினாலும் அதே கதைதான். பிறகு யாரும் போனைப் பார்க்கமாட்டார்கள். பெட்டி இடைவிடாமல் பதியட்டும். எச்சரிக்கையை மட்டும் மனித உருவத்துக்கென்று மாற்றிவிடுங்கள்.

இனி கரண்ட். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்த வேலைக்கு நாடே இருண்டது. அப்படியிருக்க ஊர்க் கரண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வெட்டுவதுதான் பதிவைக் கெடுக்கும். பெட்டி, கமராக்கள், ரவுட்டர் மூன்றையும் 650 வீ.ஏ. யூ.பி.எஸ்ஸில் போட்டால் பட்டரி புதிதாக இருக்கும்வரை ஒரு மணித்தியாலம் அளவில் ஓடும். டீவியை அதில் சொருகவேண்டாம். சித்திரையிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் வெளியே ஓடும் வயர் வழியாகத்தான் உள்ளே வரும். எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்டியை டீவிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம். கள்ளன் முதலில் தேடுவது அங்கேதான். காற்றுப்போகும் ஒரு மூலையில், அலுமாரிக்கு மேலே, கண்ணில் படாமல் வையுங்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் மேலே என்று சொல்லத் தேவையில்லை.

நேரடிப் படம் தெரிகிறது என்பதால் பதிவும் நடக்கிறது என்று நம்பவேண்டாம். டிஸ்க் செத்தாலும் திரையில் நாலு கமராவும் ஒழுங்காகத் தெரியும். கிழமைக்கு ஒரு தரம், நாலு நாளுக்கு முந்திய இரவு இரண்டு மணியைப் போட்டுப் பாருங்கள். நேரத்தையும் கவனியுங்கள். உள்ளே இருக்கும், நாணயம்போல வட்டமான சின்னப் பட்டரி இறங்கினால் சில பெட்டிகளில் திகதி 2000 ஜனவரிக்குப் போய்விடும். அப்படிப்பட்ட பதிவைப் பொலிஸில் கொடுத்தால் கேள்விதான் கூடும்.

களவு நடந்துவிட்டால் நம்மாட்கள் திரையைக் கைபோனில் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மோட்டார் சைக்கிளின் நம்பர் பிளேட் அதில் வெள்ளைப் பூச்சாகத்தான் தெரியும். அன்றைக்கே பெட்டியில் பென் டிரைவைச் சொருகி, சம்பவத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் சேர்த்து, வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே எடுத்து வையுங்கள். மூன்று வாரம் தாமதித்தால் பெட்டியே அதை அழித்துவிடும். இப்படிப்பட்ட பதிவுகளைச் சாட்சியாக ஏற்க 1995-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. பெட்டியைப் பரிசோதிக்கக் கேட்கலாம் என்பதால் வழக்கு முடியும்வரை அதை விற்கவோ மாற்றவோ வேண்டாம்.

கிணற்றடியை எந்தக் கமராவும் பார்க்கக்கூடாது, உங்களுடையதும் சரி, பக்கத்து வளவினுடையதும் சரி. திருப்ப முடியாவிட்டால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி செட்டிங்கில் இருக்கும். அண்ணா தூரத்திலிருந்து பார்க்கத் தனியாக ஒரு கணக்குத் திறந்து கொடுங்கள். பார்க்க மட்டும் அனுமதி; அழிக்கவோ செட்டிங் மாற்றவோ வேண்டாம். அவர் சின்னப் படமாகப் பார்த்தால் உங்கள் டேட்டாவும் தப்பும். பூட்ட வந்தவர் போட்ட பாஸ்வேர்டை அவர் படலை தாண்டியதுமே மாற்றிவிடுங்கள், அவர் மச்சானாக இருந்தாலும்.