அவர்களை ஏன் எழுப்பவில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று வாரமாக இடுப்புக்குச் சற்று மேலே, வலது பக்கம் முதுகுத் தசை பிடித்துக்கொண்டிருக்கிறது. காலுக்கு வலி இறங்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலை ஐந்து மணிக்கு, கணவரும் காலேஜ் போகும் மகனும் எழுந்திருப்பதற்குள் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவேன். தைலம் தேய்த்தால், ஒத்தடம் கொடுத்தால் இரண்டு நாள் குறைகிறது. அப்புறம் திரும்பவும் வந்துவிடுகிறது. ஐஸ் வைப்பதா, வெந்நீரா? முதுகு பெல்ட் போடலாமா? வீட்டிலேயே சரிசெய்ய வழி சொல்லுங்கள்.

பதில்: கடிதத்தில் ஒத்தடத்துக்கு ஒரு வரி, பெல்ட்டுக்கு ஒரு வரி. ஆனால் வலி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கான பதிலை நீங்களே எழுதிவிட்டு, அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். ‘கணவரும் மகனும் எழுந்திருப்பதற்குள்.’ ஏன் அதற்குள்? வீட்டில் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் அந்த அம்மாவின் பிள்ளை, இன்னொருவன் பேரன். அவர்கள் தூங்கும்போது ஒரு பெரிய மனுஷியை ஒற்றை ஆளாகத் தூக்க வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னது? கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் அப்படி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நீங்களாகவே வகுத்துக்கொண்ட ஏற்பாடு என்றுதான் தோன்றுகிறது.

தசை இழுத்துக்கொண்ட முதுகு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆற விட வேண்டும், அவ்வளவுதான். நீங்களோ ஆறிவரும் புண்ணைத் தினமும் கீறிவிட்டு மருந்து போடுகிறீர்கள். அதுவும் எந்த நேரத்தில்! இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் முதுகுக்கு மற்ற நேரத்தைவிட அதிக அழுத்தம். அந்த நேரமாகப் பார்த்துக் குனிந்து, திரும்பி, இன்னொருவரின் பாரத்தையும் சுமக்கிறீர்கள்.

அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் வாட்டர்ஸ், நோயாளிகளைத் தூக்கும் செவிலியர்களுக்காக 2007-ல் ஒரு வரம்பு சொன்னார். எல்லாம் சாதகமாக அமைந்த நிலையிலும் ஒருவர் கையால் தூக்கும் பாரம் சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அது. பயிற்சி பெற்றவர்களுக்கே அவ்வளவுதான். உங்கள் மாமியாரின் எடை என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். ஐஸ் அடிபட்ட முதல் இரண்டு நாளுக்கு. மூன்று வாரம் கழித்து உங்களுக்கு வெந்நீர்தான். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை போதும். தைலம் தேய்த்த இடத்தின் மேல் சூடு வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். பையை முதுகுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடவும் கூடாது. வலி மாத்திரை தேவைப்பட்டால் ஐபுப்ரோஃபென் சில நாட்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உயர் ரத்த அழுத்தம் இருந்தாலோ ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

படுத்தே கிடக்க வேண்டாம். அதிக நாள் படுத்தால் முதுகு இன்னும் இறுகும். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து முறை நடங்கள். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மெதுவாக மார்புப் பக்கம் இழுத்து, கொஞ்ச நேரம் பிடித்து விடுங்கள். வலி அதிகமானால் நிறுத்திவிடுங்கள். இரவில் ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை.

பெல்ட் வேண்டாம் என்பேன். அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை. அதைக் கட்டிக்கொண்டால் இன்னும் தூக்கலாம் என்ற தைரியம்தான் வரும். உங்களுக்கு இருக்கும் தைரியமே அதிகம்.

இதெல்லாம் பலிக்க வேண்டுமானால் இரண்டு மூன்று வாரத்துக்கு மாமியாரைத் தூக்கும் வேலையில் உங்கள் கை படக் கூடாது. உடை மாற்ற, உடம்பு துடைக்க அவருக்குப் பெண்ணின் கை தேவைப்படலாம். அதை நீங்கள் செய்யுங்கள். தூக்கி உட்கார வைக்கப் பிள்ளையின் கை போதும், இன்னும் சொன்னால் அதுதான் முறை. பெற்ற தாயைப் பார்த்துக்கொள்வது முதலில் மகனின் கடமை. மருமகள் அதில் தோள் கொடுக்கலாம், மொத்தமாகச் சுமக்கக் கூடாது. உங்கள் கணவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கண் விழிக்கும்போதெல்லாம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். அம்மா எப்படி அங்கே வந்தார் என்பது அவருக்குத் தெரியாமலே நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். இதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் கோபத்தோடுதான் சொல்கிறேன், நீங்கள் ஒரு மகனிடமிருந்து அவன் அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைப் பறித்து வைத்திருக்கிறீர்கள். காலேஜ் போகும் பையனுக்கும் அதையே பழக்குகிறீர்கள். நாளைக்கு நீங்கள் படுக்கையில் விழுந்தால் உங்களை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?

அவர்கள் இரண்டு பேரும் செய்யும்போதும் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. செயலிழந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடலாம். முதலில் அவரை ஒருக்களித்துத் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, அந்த வேகத்திலேயே மேலுடம்பை நிமிர்த்த வேண்டும். நாற்காலி அவருடைய பலமுள்ள பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் எழுந்திருக்கிறார் என்றால் அந்தப் பழக்கத்தையும் இன்றோடு விடுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை வீட்டுக்கு வரச் சொல்லி, கணவரையும் மகனையும் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கற்றுக்கொண்டு போய் அவர்களுக்குச் சொல்வது என்ற பேச்சே வேண்டாம்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, கால் பலமிழந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலித்தால், படுத்தாலும் விடாத வலி இரவெல்லாம் இருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால் நாள் தள்ளாமல் டாக்டரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லை, தூக்குவதையும் நிறுத்திவிட்டீர்கள், அப்படியும் மூன்று வாரத்தில் குறையவில்லை என்றாலும் போய்க் காட்டுங்கள். தனியாகப் போக வேண்டாம். தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்பார், நீங்கள் பதில் சொல்லும்போது கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.